ஒரு சீசன் தாங்க மாட்டார்கள்

பெங்களூர் கால்பந்து லீக்கில் ஒக்கலிபுரம் டீம், மேல் பிரிவான சூப்பர் டிவிஷனுக்கு ஏறிய வாரம், அவர்கள் தெருவில் பந்தல் கட்டி பிரியாணி போட்டார்கள். நானும் போயிருந்தேன். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, தயிர்ப் பச்சடி ஊற்ற வந்தவரிடம், "ஒரு சீசன் தாங்க மாட்டீங்க மாமா" என்றேன். பச்சடி ஊற்ற வந்தவர் அந்த டீமின் கோல்கீப்பர். என் அக்காவின் கணவர்.

அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினார். "மொதல்ல சாப்பிடு மச்சான். எங்கள கீழ தள்றத அப்புறம் பாத்துக்கலாம்."

அக்காதான் விடவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து எழுந்து வந்து, "ஏன்டா, நல்ல நாளும் அதுவுமா உன் வாயில வேற வார்த்தையே வராதா?" என்று கேட்டாள்.

"உள்ளதத்தான சொல்றேன்."

"உள்ளத உங்க அல்சூர்ல போய் சொல்லு."

நான் வயிற்றெரிச்சலில் பேசவில்லை என்றுதான் அன்று நம்பினேன். நான் பிறந்து வளர்ந்தது அல்சூரில். எங்கள் டீம் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே சூப்பர் டிவிஷனில் இருந்தது. ஒரு தடவையும் கோப்பையை வாங்கியதில்லை, ஒரு தடவையும் கீழே இறங்கியதில்லை. நாலாவது, ஆறாவது, ஒரு வருஷம் மூன்றாவது என்று வந்து நிற்கும். அதுவே எங்களுக்குப் பெரிய பெருமை. தண்டு என்று நாங்கள் சொல்லும் கன்டோன்மென்ட் பக்கத்து ஆட்களான எங்களுக்கு, சிட்டி ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஆடுவதெல்லாம் ஆட்டமே இல்லை. அங்கே பந்தை உதைப்பார்கள், இங்கேதான் ஆடுவார்கள் என்று டீக்கடையில் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

மாமாவுக்கும் எங்கள் டீமுக்கும் பழைய பகை ஒன்றும் இருந்தது. அவர் மாமா ஆவதற்கு முன்னால், ஒரு நாக்-அவுட் ஆட்டத்தில் உயரமாக வந்த பந்தைப் பிடிக்க வெளியே ஓடிவந்து, முழங்காலால் எங்கள் சென்டர் பார்வர்டின் மூக்கை உடைத்துவிட்டார். வேண்டுமென்று செய்ததில்லை. ஆனாலும் மிச்ச ஆட்டம் முழுக்க காலரியிலிருந்து அவர் வம்சத்தையே இழுத்துத் திட்டியவர்களில் நானும் ஒருவன். காவிரிக் கலவரத்துக்கு மறு வருஷம் அவர் அக்காவைப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தலையைப் படிய வாரி, முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. காபி டம்ளரை இரண்டு கையாலும் பந்தைப் பிடிப்பதுபோல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். அப்போது தெரிந்தது. சமையலறைக்குப் போய் அம்மாவிடம், "இந்த ஆளு மூக்க ஒடச்சவன்மா" என்றேன்.

"யார் மூக்க?"

"எங்க சென்டர் பார்வர்ட் மூக்க."

"வேல இருக்குதா?"

"மில்லுல எலக்ட்ரீஷியன்."

"அப்புறம் இன்னா" என்றாள் அம்மா. அத்தோடு பேச்சு முடிந்தது.

மாமாவின் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். பூர்வீகம் எங்களைப்போலவே வட ஆற்காடுதான். மாமா அங்கே, தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேட்டுக்குக் கீழே, புல் என்பதே இல்லாத மைதானத்தில் சாம்பல் நிற மண்ணில் விழுந்து எழுந்து கோல் காக்கப் பழகியவர். முழங்கை இரண்டும் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். கோல்கீப்பருக்கு உயரம் குறைவு. அந்தக் குறையை வாயால் சரிக்கட்டுவார். தொண்ணூறு நிமிஷமும் கோலுக்குள்ளிருந்து தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் கத்திக்கொண்டே இருப்பார்.

நான் அப்போது தண்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். அசோக் நகர் ஸ்டேடியத்தில் லீக் ஆட்டங்கள் மூன்றரைக்குத் தொடங்கும். கல்யாணம் ஆகாதவன். வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லாததால் எல்லா ஆட்டத்தையும் பார்த்தேன், எங்கள் டீம் ஆடாத ஆட்டங்களையும். அதனால் காலரியில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. சீசன் தொடங்கும் முன், "இந்த வருஷம் யார் எறங்குவாங்க?" என்று என்னிடம் கேட்பார்கள். பத்து டீமில் கடைசி இரண்டு கீழே போகும். பெரும்பாலும் நான் சொன்னது பலிக்கும்.

ஒக்கலிபுரம் இறங்கும் என்று நான் சொன்னதற்குக் காரணங்கள் இருந்தன. மேலே இருந்ததில் பாதி, கம்பெனி டீம்கள். அந்த ஆட்டக்காரர்களுக்குப் பந்து ஆடுவதற்காகத்தான் வேலையே கொடுத்திருந்தார்கள். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். ஒக்கலிபுரத்தில் அப்படி ஒருவர்கூட இல்லை. ரைட் பேக் காஸ் சிலிண்டர் போடுகிறவன். அவனுக்கு இடுப்பு பலம் உண்டு, ஓட்டம் கிடையாது. நடுவில் ஆடும் இருவரில் ஒருவன் ஆட்டோ ஓட்டினான். சவாரி கிடைத்தால் பயிற்சிக்கு வரமாட்டான். மற்றவனுக்கு மில்லில் மூன்று ஷிப்ட். கீழே ஏ டிவிஷனில் இருந்தபோதே அவர்கள் ஆட்டத்தைப் பார்த்தால், ஒரு மணி நேரம் வரைக்கும் சமமாக ஆடுவார்கள். அதற்குமேல் கால் இருக்காது. வாங்கிய கோல் எல்லாம் கடைசி அரை மணியில்தான். கம்பெனி டீம்கள் அந்த அரை மணிக்காகவே காத்திருப்பார்கள். மாற்று ஆட்டக்காரர்கள் என்று பெஞ்சில் உட்காருகிறவர்களில் இருவர், டீமுக்கு எலுமிச்சம்பழம் வெட்ட வந்தவர்கள் போலிருப்பார்கள்.

அவர்களிடம் இருந்தது இரண்டு விஷயம். இடது பக்கம் ஆடும் ஒல்லியான ஒருவன், பந்தை வாங்கினால் யாருக்கும் கொடுக்காமல் கார்னர் கொடி வரைக்கும் ஓடிவிடுவான். அடுத்தது மாமா. ஆனால் மாமாவுக்கு முப்பத்து மூன்று வயது. மில் வேலையும் பார்த்துக்கொண்டு பதினெட்டு ஆட்டம் அவர் தாங்குவாரா என்பது எனக்குச் சந்தேகம். இதையெல்லாம் அவரிடமே விவரமாகச் சொன்னேன். பிரியாணி முடிந்து, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தபோது.

கவனமாகக் கேட்டார். சிலிண்டர்காரன் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினார். கடைசியில், "நீ சொல்றது எல்லாம் சரி மச்சான். ஆனா மேல போய் ஆடணும்னு பத்து வருஷமா ஆசப்பட்டோம். எறங்கிடுவோம்னு ஏறாம இருக்க முடியுமா?" என்றார்.

நான் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

முதல் மூன்று ஆட்டமும் தோற்றார்கள். நான் மூன்றையும் பார்த்தேன். இரண்டாவது ஆட்டத்தில் விழுந்த ஒரு கோலை மறக்க முடியாது. கோல் எல்லைக்குள் பந்து உருண்டு வந்தது. புதிதாகச் சேர்ந்த கன்னடக்கார லெப்ட் பேக், மாமா எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற தமிழ்ப் பையனைப் பார்த்து "பிடு, பிடு" என்று கத்தினான். கன்னடத்தில் விடு என்று அர்த்தம். இவன் காதில் "பிடி" என்று விழுந்துவிட்டது. நேரே போய்ப் பந்தை வாங்கினான். மாமாவும் அவனும் மோதிக்கொண்டு விழுந்தார்கள். எதிராளி நடந்து வந்து காலியாகக் கிடந்த கோலுக்குள் தட்டிவிட்டுப் போனான். காலரி முழுக்கச் சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அன்றிலிருந்து அந்த டீமில் எல்லாருமே "லீவ்" என்றுதான் கத்த வேண்டும் என்று மாமா சட்டம் போட்டுவிட்டார்.

நாலாவது ஆட்டத்தில் ஒரு கம்பெனி டீமுடன் கோல் இல்லாமல் டிரா செய்தார்கள். நான் நம்பவில்லை. ஒன்பது பேரைப் பின்னால் நிறுத்தி, ஒல்லிக்காரனை மட்டும் முன்னால் விட்டிருந்தார்கள். மாமா அன்று எத்தனை பந்தைத் தடுத்தார் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் ஒல்லிக்காரன் ஒரு கோல் போட, ஒரு வெற்றி. அப்புறம் இரண்டு தோல்வி, ஒரு டிரா. இப்படியே ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்ட்டாகச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். பார்க்க அழகான ஆட்டமே இல்லை. ஆனால் அவர்களைத் தோற்கடிப்பது பெரும்பாடாகிவிட்டது.

இதற்குள் நான் எதிர்பாராத ஒன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் டீம் சரிந்துகொண்டிருந்தது. சீசன் தொடங்கும்போதே எங்கள் ஆட்டக்காரர்கள் இருவர் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். மூக்கு உடைபட்ட சென்டர் பார்வர்ட் ஆடுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் இடத்துக்கு வந்தவன் பெனால்டியைக்கூட மேலே அடித்தான். ஒக்கலிபுரத்தின் குறைகளை விவரமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, என் டீமின் குறை கண்ணில் படவேயில்லை. பாதி சீசன் தாண்டியபிறகுதான் பயம் வந்தது.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் நிலைமை இது. பத்தாவது டீம் இறங்குவது முடிவாகிவிட்டது. ஒன்பதாவது நாங்கள். ஒரு பாயிண்ட் அதிகமாக எட்டாவது இடத்தில் ஒக்கலிபுரம். கடைசி ஆட்டம் எங்களுக்கும் அவர்களுக்கும். டிரா ஆனாலே அவர்கள் தங்கிவிடுவார்கள். நாங்கள் ஜெயித்தே ஆக வேண்டும்.

ஆட்டம் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஷிப்ட் முடிகிற நேரத்தில் மாமா ஆஸ்பத்திரிக்கு வந்தார். இடது கையைத் துண்டால் சுற்றியிருந்தார். துண்டை எடுத்தபோது புறங்கை உப்பி, மினுமினுவென்று இருந்தது. காலைப் பயிற்சியில் ஒல்லிக்காரன் கிட்டத்திலிருந்து அடித்த பந்து விரலை மடக்கிவிட்டது என்றார். ஒக்கலிபுரம் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறதே என்றேன். "அங்க போனா சாயந்திரத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்" என்றார்.

டாக்டர் சீட்டு எழுதித் தந்தார். கையைப் பிலிம் கேசட் மேல் வைத்து இரண்டு படம் எடுத்தேன். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே பிலிமை டெவலப்பர் கரைசலில் முக்கி, பிக்ஸர் கரைசலில் முக்கி, நீர் சொட்டச் சொட்டத் தூக்கிப் பார்த்தேன். மோதிர விரலுக்குக் கீழே, உள்ளங்கை எலும்பில் மெல்லிய கோடு. எலும்பு விலகவில்லை. ஆனால் முறிவுதான்.

அந்த இருட்டறையில் எனக்கு முதலில் தோன்றியதை எழுதத்தான் வேண்டும். சனிக்கிழமை நாம் ஜெயித்துவிடுவோம் என்றுதான் தோன்றியது. அது மாமாவின் கை என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. இரண்டுக்கும் நடுவில் சில விநாடிதான் இருந்திருக்கும். ஆனால் வந்த வரிசை அதுதான்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாலு வாரம் அசையக் கூடாது" என்று அரை மாவுக்கட்டு போடத் தொடங்கினார்.

"சனிக்கிழமைக்கு அப்புறம் போட்டுக்கலாமா சார்?" என்று மாமா கேட்டார்.

"சனிக்கிழமை என்ன?"

"மேட்ச் சார்."

"எலும்பு வெலகிப்போச்சுன்னா விரல் நேரா வராது. மில்லுல கரண்ட் வேல பாக்கறீங்க. யோசிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டைப் போட்டு முடித்துவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்தேன். "ஆடாதீங்க மாமா" என்றேன்.

"எங்க ரெண்டாவது கீப்பருக்குப் பதினேழு வயசு. ஒரு மேட்ச்கூட ஆடினதில்ல." பஸ் வருகிறதா என்று பார்த்தார். "நீ ஒண்ணு பண்ணு மச்சான். உங்க அக்காகிட்ட சுளுக்குன்னு சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத. உங்க ஆளுங்ககிட்டயும்."

"நான் ஏன் சொல்லப்போறேன்" என்றேன்.

வியாழக்கிழமை எங்கள் டீமின் செக்ரெட்டரி ஆஸ்பத்திரி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். அல்சூர் கடைத்தெருவில் லேடீஸ் டெய்லர். டீமின் ஜெர்சிகளையும் அவரே தைப்பார். நல்ல மனுஷன். அந்த வாரம் தூக்கமில்லாமல் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். பாதி டீ குடித்தபிறகு கேட்டார்.

"இன்னா தம்பி, அவங்க கீப்பரு செவ்வாக்கெழம உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தானாமே. சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டுல நம்ம பையன் ஒருத்தன் பாத்திருக்கான். எடது கையில துண்டு போட்டு மூடிகினு போனானாம்."

அவருக்கு ஒரே வார்த்தை சொன்னால் போதும். வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். என்னைப் பார்க்க வந்தார், அக்கா ஏதோ கொடுத்தனுப்பினாள் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவனும் இல்லை நான். ஆனால் ஏதோ பெரிய நேர்மைக்காரனைப்போல, "எக்ஸ்ரே ரூம்ல பாக்கறத வெளிய சொல்றதில்லண்ணே" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி தம்பி. நீ ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் தெரு முனையைத் திரும்பும்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே புரிந்தது. பின்னாலேயே ஓடிப்போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஓடவில்லை. டீயைக் குடித்து முடித்தேன்.

சனிக்கிழமை காலரி நிறைந்திருந்தது. நான் எங்கள் ஆட்களோடு உட்காரவில்லை. கோலுக்குப் பின்னால், வேர்க்கடலை விற்கிறவர்கள் நிற்கும் மூலையில் நின்றேன். மாமா கட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு விரலைச் சேர்த்துப் பிளாஸ்டர் ஒட்டி, மேலே கிளவுஸ் போட்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வார்ம்-அப்பில் பந்தை வலது கையால் மட்டுமே எடுத்தார். அதைக் கவனித்தவன் நான் மட்டும் இல்லை.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷத்துக்குள் தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் முப்பது கெஜத்திலிருந்தே அடித்தார்கள். எல்லாம் அவருக்கு இடது பக்கம். எங்கள் டீம் ஒரு நாளும் அப்படி ஆடியதில்லை. ஒருவனுக்கொருவன் தள்ளிக்கொண்டே கோல் வரைக்கும் போவதுதான் எங்கள் பழக்கம். முதல் பந்தை மாமா நெஞ்சில் வாங்கிக் கீழே போட்டு, மேலே விழுந்து அமுக்கினார். இரண்டாவதைக் காலால் தட்டினார். மூன்றாவது இடது கையில் பட்டு வெளியே போனது. எழுந்தவர் அந்தக் கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் குனிந்தே நின்றார். பிறகு மறுபடி கத்த ஆரம்பித்தார். எங்கள் ஆட்கள் பக்கத்திலிருந்து, "லெப்ட்ல அடி, லெப்ட்ல அடி" என்று ஒரே கூச்சல். அவர் கை முறிந்தது காலரிக்கே தெரிந்திருந்தது.

இடைவேளை வரை கோல் இல்லை. அறுபது நிமிஷம், எழுபது நிமிஷம். கால் போய்விடும் என்று நான் சொன்ன டீமுக்கு அன்று கால் போகவில்லை. சிலிண்டர்காரன்கூட ஓடிக்கொண்டிருந்தான். எழுபத்தைந்து நிமிஷம் தாண்டியிருக்கும், பந்து கார்னரிலிருந்து வெளியே தெறித்து எங்கள் நடு ஆட்டக்காரன் ஒருவன் காலில் விழுந்தது. மாமா இடது பக்கத்தைக் காக்க அந்தப் பக்கமாக ஒரு அடி தள்ளி நின்றிருந்தார். அன்று பூராவும் அப்படித்தான் நின்றார். அவன் அதைப் பார்த்துவிட்டு அவருக்கு வலது பக்கம் தரையோடு அடித்தான். மாமா பாய்ந்தார். விரல் நுனியில் பட்டது என்றுதான் நினைக்கிறேன். பந்து கம்பத்தின் உள்பக்கம் பட்டு உள்ளே போனது.

எங்கள் ஆட்கள் வேலியைத் தாண்டிக் குதித்தார்கள். செக்ரெட்டரி அழுதுகொண்டிருந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒக்கலிபுரம் கடைசிவரை எல்லாரையும் முன்னால் அனுப்பிப் பார்த்தது. ஒல்லிக்காரன் அடித்த ஒன்று கம்பத்துக்கு மேலே போனது. ஆட்டம் முடிந்தது. நாங்கள் தங்கினோம். அவர்கள் இறங்கினார்கள். பதினெட்டு ஆட்டம், ஒரே சீசன். நான் சொன்னபடியே நடந்துவிட்டது.

ஆறு மணிக்கு மாமாவை நானே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கிளவுஸைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை படத்தில் எலும்பு விலகியிருந்தது. இரண்டு முனையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. ஈரப் பிலிமோடு இருட்டறையிலிருந்து வெளியே வந்தேன். மாமா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் இன்னும் வரவில்லை. அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"மாமா, எங்க செக்ரெட்டரி வியாழக்கெழம வந்து கேட்டாரு. நீங்க வந்தீங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"சொல்ல மாட்டேன்னு சொன்னேன்."

பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பிறகு, "அது சொன்ன மாதிரிதான மச்சான்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும் மாமா."

"விடு. கோல் வலது பக்கமில்ல போச்சு? இந்தக் கைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

அவர் ஏன் ஒரு அடி தள்ளி நின்றார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். டாக்டர் வந்து, முதலில் நன்றாகத் திட்டி, பிறகு எலும்பை இழுத்து வைத்து முழுக் கட்டு போட்டார். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது, அந்த விரலின் கணு உள்ளே அமுங்கிப்போயிருந்தது. முஷ்டி மடக்கினால் நாலு கணுவுக்குப் பதில் மூன்றுதான் தெரியும். வேலைக்குப் பாதகம் இல்லை. வழக்கமாக இடது கையில் பிடிக்கும் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

செக்ரெட்டரி விஷயத்தை அக்காவிடம் சொல்லாதே என்று மாமா சொல்லியிருந்தார். ஆட்டத்துக்கு அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவளிடம் மறைத்து வைக்கிற தெம்பு எனக்கு இல்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை நிறுத்தாமலேயே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். முடிந்ததும், "நீ சொன்னது நடக்கணும். அதான உனக்கு?" என்றாள்.

"அப்படி இல்லக்கா."

"அப்படி இல்லன்னா அந்தாளுகிட்ட வரலன்னு சொல்லிருப்ப. எங்கிட்ட எவ்ளோ பொய் சொல்லிருக்க சின்ன வயசுல. ஒண்ணுகூட அன்னிக்கு வரலியா?"

எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று செய்தேனா என்று யாராவது கேட்டால் இல்லை என்பேன். ஆனால் இருட்டறையில் முதலில் வந்த நினைப்பு எது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அது வியாழக்கிழமையும் என்னோடு டீ குடித்திருக்கலாம்.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தீபாவளிக்குப் பலகாரம் மாமா கையில் வந்தது. பொங்கலுக்கும் அப்படியே. மாமா வழக்கம்போல வருவார், போவார், அம்மாவிடம் மில் கதை பேசுவார். அல்சூர் டீக்கடையில் என்னைப் பாராட்டினார்கள். "கரெக்டா சொன்னபா" என்றார்கள். அதற்கு அடுத்த சீசனில் யாராவது வந்து யார் இறங்குவார்கள் என்று கேட்டால், தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

ஒக்கலிபுரம் மறுபடி ஏ டிவிஷனில் ஆடத் தொடங்கியது. அவர்களின் முதல் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். காலரி எல்லாம் கிடையாது. கோட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்று பார்க்க வேண்டியதுதான். போகலாமா வேண்டாமா என்று இரண்டு மனசாக இருந்து, கடைசியில் போனேன். பெண்கள் யாரும் வராத அந்த இடத்தில், புடவைத் தலைப்பை வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். கையில் தண்ணீர் பாட்டில். மாமாவுக்கு மறுபடி அடிபட்டால் உடனே தெரிய வேண்டும் என்று கூடவே வந்துவிட்டாளாம். இதை மாமா அப்புறம் சொன்னார். நான் பத்தடி தள்ளி நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

பாதி ஆட்டத்துக்குமேல் ஒல்லிக்காரன் பந்தைக் கொண்டுபோய் உள்ளே அடித்தான். ஒக்கலிபுரத்து ஆட்கள் குதித்தார்கள். அக்காவும் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கியிருந்தார். கோல் இல்லை. எல்லாரும் கத்தினார்கள். அக்காவுக்கு எதுவும் புரியவில்லை. சுற்றிலும் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றுதான் இருந்தது.

"ஏன்டா, உள்ளதான போச்சு? ஏன் குடுக்கல?"

ஏழு மாசம் கழித்து அவள் என்னிடம் பேசியது அதுதான்.

"ஆப்சைடுக்கா" என்று பக்கத்தில் போனேன். கீழே கிடந்த இரண்டு குச்சியையும் ஒரு கல்லையும் எடுத்துத் தரையில் வைத்து, இவன் இங்கே நிற்கிறான், இவன் இங்கே என்று விளக்கினேன். அவளுக்கு அது நியாயமாகப் படவில்லை. "முன்னாடி போய் நிக்கறது ஒரு தப்பா?" என்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அதற்குள் எதிர்ப்பக்கம் பந்து வந்துவிட்டது. மாமா அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஏறு, ஏறு" என்று முன்னால் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினார். அக்கா அவர் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆட்டத்தில் யாரும் கோல் போடவில்லை. முடிந்ததும் மூவரும் சிவாஜி நகர் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றோம். மத்தியானம் வீட்டுக்கு வா, மீன் வாங்கி வைத்திருக்கிறேன் என்று அக்கா சொன்னாள். போனேன்.